விழாத சர்வரை விழவைப்பது எப்படி?

உங்கள் அலுவலகத்தில் ஒரு கிளஸ்டர் இருக்கிறது. ஒன்று படுத்தால் மற்றது எழுந்து வேலையைப் பார்க்கும் என்று சொல்லி வாங்கிய இரண்டு சர்வர்கள். வாங்கிய நாளிலிருந்து எதுவும் படுக்கவில்லை. அதனால் மற்றது எழுமா என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாருக்கும் ஆசையும் இல்லை. இப்போது அதைப் புதிய இயந்திரத்துக்கும் புதிய மென்பொருளுக்கும் மாற்றச் சொல்லி உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். கட்டியவரைப் பொறுத்தவரை அது ஒரு சனிக்கிழமை வேலை.

விற்றபோது 'ஐந்து ஒன்பது' என்றொரு வாக்கு கொடுத்திருப்பார்கள். 99.999 சதவீதம். ஆண்டு முழுவதற்கும் சேர்த்து ஐந்தேகால் நிமிடம்தான் சேவை நிற்கலாம் என்று அர்த்தம். இன்றைய சர்வர் ஒன்று மெமரியைச் சரிபார்த்து, ரெய்டு கார்டை எழுப்பி, ஒவ்வொரு நெட்வொர்க் கார்டிடமும் நலம் விசாரித்து பூட் ஆவதற்கே பெரும்பாலும் அவ்வளவு நேரம் ஆகிவிடும். ஆகவே ஐந்து ஒன்பதைக் காப்பாற்ற நம் முன்னோர் கண்ட வழி, கிளஸ்டர் பக்கமே போகாமல் இருப்பது.

கீழே உள்ள யோசனைகளை வரிசை பிசகாமல் கடைப்பிடித்தால், வருஷக்கணக்கில் நிற்காமல் ஓடிய கிளஸ்டரை ஒரே ராத்திரியில் நிறுத்திவிடலாம். பெரிய பெரிய நிறுவனங்கள் சொந்தச் செலவில் செய்து பார்த்து, அறிக்கையும் வெளியிட்ட வழிகள் இதில் உண்டு. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: இரண்டு இருப்பதாகத் தோன்ற வேண்டும், ஆனால் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

நாள் பார்ப்பது

முதலில் தள்ளிப்போடுங்கள். உங்கள் கிளஸ்டரில் ஓடும் லினக்ஸான சென்ட்ஓஎஸ் 7 வெளிவந்தது 2014 ஜூலையில். அதன் ஆயுள் 2024 ஜூன் 30 வரை என்பது வருஷக்கணக்காக எல்லோருக்கும் தெரிந்த தேதி. ஜூலை 1 காலையில், அன்றுதான் முதல்முறை கேள்விப்பட்ட மாதிரி, 'மிக அவசரம்' என்று தலைப்பிட்டு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

தாமதத்துக்கு யாராவது குறை சொன்னால் கையில் பதில் இருக்கிறது. 2019-இல் வந்த சென்ட்ஓஎஸ் 8 பத்து வருஷம் ஓடும் என்று நம்பிச் சுறுசுறுப்பாக மாறியவர்கள் உண்டு. 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது: 8-க்கு 2021 டிசம்பரோடு சரி. புதியது போய்ச்சேர்ந்த பிறகும் பழைய 7 இரண்டரை வருஷம் உயிரோடு இருந்தது. சோம்பேறிகளின் பக்கம் நியாயம் நின்ற அபூர்வமான தருணம் அது. கூட்டங்களில் அடிக்கடி எடுத்துச் சொல்லுங்கள்.

இதற்கிடையில் அப்டைம் எண்ணைக் காட்டிப் பெருமைப்படலாம். 'ஆயிரத்து இருநூறு நாளா ரீபூட்டே இல்ல சார்!' லைவ் பேட்ச் ஏதும் போடவில்லை என்றால், ஆயிரத்து இருநூறு நாளாகக் கெர்னலில் ஒரு ஓட்டையும் அடைபடவில்லை என்பதும் அதே எண்தான். ஆனால் அதை யாரும் கேட்பதில்லை. அந்த ஆயிரத்து இருநூறு நாளில் யார் யாரோ அவசரத்துக்குக் கையால் மவுன்ட் செய்தது, கையால் ரூட் சேர்த்தது, கையால் ஃபயர்வாலில் துளை போட்டது எல்லாம் மெமரியில் மட்டும் வாழ்ந்துகொண்டிருக்கும். எந்தக் கோப்பிலும் இருக்காது. ரீபூட் ஆகும் அன்றைக்குத்தான் அவை நிஜமாகவே இருந்தன என்று தெரியவரும்.

சாமான் வாங்குவது

இரண்டு சர்வரையும் ஒரே ஆர்டரில், ஒரே மாடலில், டிஸ்க்குகள்கூட ஒரே லாட்டில் வருமாறு வாங்குங்கள். வந்ததும் ஒரே நாளில், முடிந்தால் ஒரே மணி நேரத்தில், இரண்டையும் ஆன் செய்யுங்கள். இதன் அருமை பிறகு தெரியும்.

2019 நவம்பரில் ஹெச்பிஇ நிறுவனம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு எச்சரிக்கை விட்டது. அதன் சில எஸ்ஏஎஸ் வகை எஸ்எஸ்டிகளில் ஃபர்ம்வேர் கோளாறு இருக்கிறது. 32,768 மணி நேரம் ஓடியதும் டிஸ்க் செத்துவிடும், அதிலுள்ள தகவலும் திரும்பாது. அதாவது 3 வருஷம் 270 நாள் 8 மணி நேரம். 32,768 என்ற எண்ணைப் பார்த்ததுமே புரோகிராமர்களுக்குச் சிரிப்பும் வயிற்றெரிச்சலும் சேர்ந்து வரும்: இரண்டின் பதினைந்தாம் அடுக்கு. அடுத்த ஆண்டே வேறு சில மாடல்களுக்கு 40,000 மணி நேரம் என்று இன்னொரு எச்சரிக்கை. ஒரு டிஸ்க் போனால் ரெய்டு தாங்கும். ஒரு சர்வர் போனால் கிளஸ்டர் தாங்கும். ஒன்றாகப் பிறந்த அத்தனை டிஸ்க்கும் ஒரே மணி நேரத்தில் கணக்கை முடித்துக்கொண்டால் என்ன செய்வது என்பதற்கு எந்த மேனுவலிலும் பக்கம் இல்லை. ஒரே லாட்டில் வாங்குங்கள் என்றது இதற்காகத்தான்.

அடுத்தது கரன்ட். நல்ல சர்வருக்கு இரண்டு பவர் சப்ளை உண்டு. ஏ லைனுக்கு ஒன்று, பி லைனுக்கு ஒன்று. ஏ பக்கம் அறுபது சதவீதச் சுமை, பி பக்கம் அறுபது சதவீதச் சுமை என்று ரேக்கை நிரப்புங்கள். மீட்டரைப் பார்த்தால் இரண்டும் பச்சை, தணிக்கைக்கு வருபவரும் டிக் அடித்துவிட்டுப் போவார். என்றைக்காவது ஏ பக்கத்து பிரேக்கர் விழும்போது, அதன் அறுபதும் பி பக்கம் வந்து சேரும். நூற்றிருபது. கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துவிட்டு பி-யும் விழும். 'ரெண்டு லைன் இருக்கே சார்' என்று நீங்கள் சொல்லும்போது முகத்தில் உண்மையான குழப்பம் தெரிய வேண்டும்.

செலவை மிச்சப்படுத்த வேண்டுமென்றால் இரண்டு கேபிளையும் ஒரே பவர் ஸ்டிரிப்பில் சொருகிவிடலாம். இதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே நாள் ஆயுத பூஜை. பல அலுவலகங்களில் அன்றைக்கு மட்டும்தான் ஒரு மனிதர் சந்தனக் கிண்ணத்தோடு ரேக்கின் பின்பக்கம் வரை போகிறார். அவர் ஸ்டிரிப்பைப் பார்ப்பார், அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு வந்துவிடுவார். (பொட்டு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முன்பக்கம் காற்று போகும் சல்லடையில் மட்டும் அப்ப வேண்டாம்.)

இரண்டு சர்வரும் ஒன்றையொன்று 'இருக்கிறாயா, இருக்கிறாயா' என்று விசாரித்துக்கொள்ளும் ஹார்ட்பீட் கேபிளும் இரண்டாக இருக்க வேண்டும் என்பார்கள். இரண்டாகவே போடுங்கள். இரண்டும் போய்ச் சேரும் ஸ்விட்ச் ஒன்றாக இருந்தால் போதும்.

பழையதில் என்ன இருக்கிறது

இந்தக் கட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஏனென்றால் யாருக்கும் தெரியாது. கிளஸ்டரை நிறுவிய அண்ணன் இப்போது டொராண்டோவில் இருப்பார். அவர் விட்டுப்போன ஆவணத்தில் 'ஃபெயில்ஓவர் நடைமுறை' என்ற தலைப்பும், அதன் கீழே 'பிறகு எழுதப்படும்' என்ற வரியும் இருக்கும்.

தேட வேண்டாத இடங்களை மட்டும் சொல்கிறேன். முதல் நோடில் (கிளஸ்டரிலுள்ள ஒவ்வொரு சர்வரும் ஒரு நோடு) மட்டும் இருக்கும் கிரான்டாப், அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியல். இரண்டாவது நோடில் அது இல்லை என்பது, ஒருநாள் சேவை அங்கே மாறி, விடியற்காலை போக வேண்டிய கணக்கறிக்கை போகாதபோதுதான் வெளிவரும். நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியோடு கட்டிப்போட்ட லைசென்ஸ்; புதிய பெட்டியில் அது செல்லாது, விற்றவர் திங்கள் காலைதான் போன் எடுப்பார். ஐந்து வருஷத்துக்கு முன் யாரோ புரோகிராமுக்குள் நேரடியாக எழுதிவைத்த ஐ.பி. முகவரி. பிறகு, ஈத்0 என்ற பெயரை நம்பி எழுதிய நூறு ஸ்கிரிப்ட்கள். புதிய பெட்டியில் அந்தக் கார்டின் பெயர் ஈஎன்ஓ1 என்றோ இன்னும் நீளமாகவோ இருக்கும். கார்டு எந்த ஸ்லாட்டில் உட்கார்ந்திருக்கிறதோ அதைப் பொறுத்தது. ஸ்கிரிப்ட்கள் இல்லாத ஈத்0-வைத் தேடி, கிடைக்காமல், பிழை ஒன்றும் சொல்லாமல் வெற்றி என்று எழுதிவிட்டு முடியும்.

'ஒவ்வொன்றாக மாற்றிவிடலாம் சார்'

திட்டக் கூட்டத்தில் இந்த வாக்கியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ரோலிங் அப்கிரேடு என்று பெயர். ஒரு நோடை வெளியே எடுத்து, புதிதாக்கி, உள்ளே விட்டு, சேவையை அதற்கு மாற்றி, பிறகு இரண்டாவதையும் அதேபோல. டவுன்டைம் சில நொடி. கேட்பவர் முகம் மலரும், ஸ்லைடில் அம்புக்குறிகள் அழகாக இருக்கும்.

சென்ட்ஓஎஸ் 7 போல ரெட்ஹேட் 7 வழியில் வந்த லினக்ஸ்களில் கோரோசிங்க் பதிப்பு 2 இருக்கிறது. 8, 9 வழியில் வந்தவற்றில் பதிப்பு 3. கோரோசிங்க் என்பது நோடுகள் ஒன்றோடொன்று பேச உதவும் மென்பொருள். யார் உயிரோடு இருக்கிறார், எத்தனை ஓட்டு விழுந்திருக்கிறது என்ற கணக்கெல்லாம் அதன் கையில். இந்த இரண்டு பதிப்பும் ஒரே கிளஸ்டருக்குள் பேசிக்கொள்ளாது. ஆகவே பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று என்று ஸ்லைடில் நடுவில் வரும் அந்த அழகான கட்டம் நிஜத்தில் வராது. இந்தத் தகவலைச் சனிக்கிழமை இரவு ஒன்றரை மணிக்கு முன் தெரிந்துகொள்வது திறமைக் குறைவு.

ஒன்றரை மணிக்கு நடப்பது இது. புதிய நோடு எழுகிறது. இணையைக் கூப்பிடுகிறது. பதில் இல்லை. இந்த இடத்தில் கோரோசிங்க்குக்குள் ஒரு காவல் இருக்கிறது: இரண்டு நோடு கிளஸ்டரில், முதன்முறை எழும்போது எல்லோரையும் ஒருமுறையாவது பார்க்காமல் எதையும் தொடக்கூடாது என்ற விதி. அதனால் புதிய நோடு கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பொறுமை என்று எடுத்துக்கொள்ளாமல் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் தேடினால் அந்த விதியைச் சுழியமாக்கும் வரி கிடைக்கும். சுழியமாக்குங்கள்.

இப்போது புதியது, பழையது செத்துவிட்டது என்று முடிவு செய்து பொறுப்பேற்கும். பழையதும் புதியதைப் பற்றி அப்படியே நினைத்துக்கொண்டு பொறுப்பை விடாமல் இருக்கும். இரண்டும் ஒரே ஐ.பி.யைத் தன்னுடையது என்று அறிவிக்கும். இரண்டும் டேட்டாபேஸைத் திறந்து எழுதத் தொடங்கும். அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டுப் பத்திரத்தின் நகலை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு தரகரிடம் அட்வான்ஸ் வாங்குவதைப் போன்றது இது; பிடிபடும்வரை இருவருக்கும் பணம் வரும். ஸ்பிளிட் பிரெயின் என்பார்கள். பாதி ஆர்டர்கள் இங்கே, பாதி அங்கே. காலையில் இரண்டையும் சேர்த்துத் தைக்க எந்தக் கட்டளையும் கிடையாது. ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு மறுபக்கத்தைத் தூக்கிப்போடத்தான் வழியுண்டு. எந்தப் பக்கத்தில் மேனேஜருடைய ஆர்டர் இருந்தது என்று முதலில் பாருங்கள்.

இதைத் தடுப்பதற்கென்றே ஸ்டோனித் என்ற ஏற்பாடு இருக்கிறது. இணை உயிரோடு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், விசாரித்துக்கொண்டிருக்காமல் அதன் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, அது நின்றது உறுதியான பிறகே பொறுப்பேற்பது. இரக்கமில்லாத, ஆனால் சரியான ஏற்பாடு. இதை அணைக்க ஒரு வரி போதும். ஆரம்பப் பாடங்கள் பலவற்றில் அந்த வரி முதல் பக்கத்திலேயே, 'இப்போதைக்கு' என்ற சொல்லோடு இருக்கும். அந்த 'இப்போதைக்கு'தான் உங்கள் பழைய கிளஸ்டரில் பல வருஷமாக இருக்கிறது. புதியதிலும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள்.

அணைக்க மனம் வராதவர்களுக்கும் வழி உண்டு. இணையைச் சுடும், அதாவது அதன் மின்சாரத்தைத் துண்டிக்கும், வேலையைச் சர்வரின் மதர்போர்டில் உள்ள நிர்வாகச் சிப்பிடம் கொடுங்கள். அந்தச் சிப்புக்கும் அதே சர்வரின் பவர் சப்ளையிலிருந்துதான் மின்சாரம். ஒருநாள் சர்வருக்கு முழுவதுமாகக் கரன்ட் போகும். பிழைத்திருக்கும் நோடு, 'செத்துவிட்டாயா?' என்று அந்தச் சிப்பைக் கேட்கும். சிப்பும் செத்திருப்பதால் பதில் வராது. பதில் வராததால் மரணம் உறுதியாகாது. உறுதியாகாததால் இது பொறுப்பேற்காது. நல்ல நிலையில் ஒரு சர்வர், நல்ல நிலையில் டேட்டா, நின்றுபோன சேவை. கரன்ட் போனால் காப்பாற்றுவதற்கென்று வாங்கிய கிளஸ்டரில் இது நடக்கும்போது விளக்கம் சொல்வது தனிக் கலை.

பெரியவர்களும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 2012 டிசம்பர் 22 அன்று கிட்ஹப் நிறுவனம் தன் நெட்வொர்க் ஸ்விட்ச்களில் மென்பொருள் மேம்படுத்தும்போது நெட்வொர்க் சற்று நேரம் தடுமாறியது. கோப்புச் சர்வர்கள் எல்லாம் இரண்டிரண்டாக, கிளஸ்டரை நடத்தும் பேஸ்மேக்கரும் டிஸ்க்கை நகலெடுக்கும் டிஆர்பிடியும் போட்ட ஜோடிகள். ஹார்ட்பீட் கேட்காததால், பல ஜோடிகளில் இரண்டு நோடும் தானே பொறுப்பு என்று கிளம்பின. நெட்வொர்க் திரும்பியபோது ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன; கோப்பைக் கொடுக்க ஆளில்லை. எது கடைசியாகப் பொறுப்பில் இருந்தது என்று ஜோடி ஜோடியாகப் பார்த்து எழுப்ப வேண்டியதாயிற்று.

மூன்றாவதாக ஒரு சின்னப் பெட்டியை, ஓட்டுப் போடுவதற்கு மட்டுமாவது, வேறொரு ஸ்விட்ச்சில் வைத்தால் இந்தக் கதைகளில் பாதி நடக்காது. பட்ஜெட் கூட்டத்தில் அதைக் கேட்டுப்பாருங்கள். 'ஏற்கெனவே ரெண்டு இருக்கே தம்பி' என்பார்கள்.

டேட்டா

டிஆர்பிடி போன்ற நகலெடுப்பு இருக்கும்போது பேக்கப் எதற்கு என்று கேட்க வேண்டும். கேள்வியில் நியாயம் இருக்கிறது. இங்கே எழுதியது அடுத்த கணமே அங்கேயும் எழுதப்படும். இங்கே அழித்ததும் அப்படியே.

இந்தத் துறையில் படிக்க வேண்டிய பாடம் கிட்லேப் நிறுவனத்துடையது. 2017 ஜனவரி 31 இரவு, துணை டேட்டாபேஸ் முதன்மையோடு ஒட்டாமல் பின்தங்கிவிட்டது. துணையில் இருக்கும் டைரக்டரியைக் காலிசெய்து முதலிலிருந்து நகலெடுக்கலாம் என்று ஒரு எஞ்சினியர் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். கொடுத்த இடம் முதன்மை. ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்திவிட்டார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி.

இதுவரை நடந்தது கைப்பிழை, யாருக்கும் நடக்கும். நமக்கு வேண்டியது அடுத்தது. அவர்களிடம் பல வகையில் பேக்கப் ஏற்பாடு இருந்தது. தினசரி டம்ப் எடுக்கும் கருவி போஸ்ட்கிரெஸ் 9.2 பதிப்பு, டேட்டாபேஸோ 9.6-க்கு மாறியிருந்தது. பதிப்பு பொருந்தாததால் கருவி தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்கள் முறையான கையொப்பம் இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தன. கடைசியில் காப்பாற்றியது, அதே எஞ்சினியர் ஆறு மணி நேரம் முன்பு வேறொரு சோதனைக்காகத் தற்செயலாக எடுத்துவைத்த ஒரு ஸ்னாப்ஷாட். ஆறு மணி நேரத் தகவல் போயிற்று. மீட்புப் பணியை அவர்கள் யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். அந்த நேர்மையை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. மென்பொருளைப் புதுப்பிக்கும்போது பேக்கப் கருவியைப் பழையபடி விட்டுவைப்பதையும், அதன் மின்னஞ்சலை யாரும் பார்க்காத பெட்டிக்குத் திருப்புவதையும் மட்டும் எடுத்துக்கொள்வோம்.

மேலும் நுட்பமான அழிவு வேண்டுமென்றால், எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன்.

பழைய ஓஎஸ்ஸில் போஸ்ட்கிரெஸ் ஓடுகிறது. புதிய ஓஎஸ்ஸிலும் அதே பதிப்பு போஸ்ட்கிரெஸைப் போடுங்கள். பழையதிலிருந்து புதியதற்குப் பைட் பைட்டாக நகலெடுக்கும் ரெப்ளிகேஷனை அமைத்து, இரண்டும் சமமானதும் சேவையை மாற்றிவிடுங்கள். டவுன்டைம் அரை நிமிடம்கூட இருக்காது. பதிவுகளை எண்ணிப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே எண். கைதட்டல்.

எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதைப் போஸ்ட்கிரெஸ் வழக்கமாக ஓஎஸ்ஸின் ஜிலிப்சி நூலகத்திடம் கேட்டுத்தான் முடிவு செய்கிறது. 2018 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.28 அந்த வரிசையை மாற்றியது. சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பது 2.17. ஒரு கோப்பில் '1-1' என்று ஒரு வரி, '11' என்று ஒரு வரி எழுதி, அமெரிக்க ஆங்கில அமைப்பில் சார்ட் கட்டளை கொடுங்கள். பழைய பெட்டி '11' முதலில், '1-1' பிறகு என்னும். புதிய பெட்டி '1-1' முதலில் என்னும். வித்தியாசம் இவ்வளவுதான்.

இண்டெக்ஸ் என்பது பழைய வரிசையில் அடுக்கிய அடுக்கு. அது பைட் பைட்டாக அப்படியே வந்துவிட்டது. தேடுபவர் புதிய வரிசை மட்டுமே தெரிந்தவர். '1-1' எங்கே என்று கேட்டால், இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வலப்பக்கம் திரும்பி, போய்ப் பார்த்து, இல்லை என்று சொல்லிவிடுவார். டேபிளில் அந்த வாடிக்கையாளர் இருக்கிறார். தேடினால் இல்லை. இல்லையென்பதால் அப்ளிகேஷன் அவரைப் புதிதாகச் சேர்க்கும். இரட்டை எண் விழக்கூடாது என்று காவல் காக்கும் இண்டெக்ஸும் அதே குழப்பத்தில் இருப்பதால் வழிவிடும். ஒரே எண்ணில் இரண்டு வாடிக்கையாளர்கள். பிழைச் செய்தி எதுவும் வராது, சிவப்பு விளக்கு எரியாது, கிளஸ்டர் இரண்டு நோடோடும் ஆரோக்கியமாக ஓடிக்கொண்டிருக்கும். மாதக் கடைசியில் அக்கவுன்ட்ஸ் மேடம் போன் செய்வார்.

தவிர்க்க வேண்டுமென்றால் எழுத்து இண்டெக்ஸ்களை எல்லாம் மறுபடி கட்ட வேண்டும், அல்லது டம்ப் எடுத்துப் புதிதாக ஏற்ற வேண்டும். போஸ்ட்கிரெஸ் 15 முதல் டேட்டாபேஸ் அளவிலேயே இந்தப் பதிப்பு வித்தியாசத்தைக் கவனித்து எச்சரிக்கிறது. வெறும் எச்சரிக்கைதான், எதையும் நிறுத்தாது, ஆகவே பயப்பட ஒன்றுமில்லை.

ஒத்திகை

ஒத்திகைக்கு ஒரே ஒரு பழைய பெட்டி போதும். இரண்டு நோடு கிளஸ்டரை ஒரு பெட்டியில் எப்படிச் சோதிப்பது என்று கேட்பவரைக் குழுவிலிருந்து மாற்றுங்கள்.

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் தன் வாடிக்கையாளர்கள் சுமார் 52 லட்சம் பேரைப் பழைய உரிமையாளரான லாயிட்ஸின் அமைப்பிலிருந்து, புதிய உரிமையாளரான சபடெல் அமைத்த தளத்துக்கு ஒரே மூச்சில் மாற்றியது. தகவல் ஒழுங்காகத்தான் வந்து சேர்ந்தது. தளம்தான் தாங்கவில்லை. 19 லட்சம் பேர்வரை தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் போனது. சிலருக்கு அடுத்தவர் கணக்கு தெரிந்தது. தலைமை நிர்வாகி அந்த ஆண்டே பதவி விலகினார். 2022 டிசம்பரில் இரண்டு ஒழுங்குமுறை அமைப்புகள் சேர்ந்து 4 கோடியே 86.5 லட்சம் பவுண்டு அபராதம் போட்டன. அடுத்த ஆண்டு, தகவல் தொழில்நுட்பத்துக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரிக்குத் தனியாக 81,620 பவுண்டு.

பிறகு நடந்த விசாரணையில் வெளிவந்த ஒரு தகவல் இந்தக் கையேட்டுக்காகவே நடந்தது போலிருக்கிறது. ஒரே சமயத்தில் இயங்க வேண்டிய டேட்டா சென்டர்கள் இரண்டு. சுமைச் சோதனை நடந்தது ஒன்றில் மட்டும். இரண்டும் ஒன்றுபோல இருக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். அமைப்பில் வித்தியாசம் இருந்தது.

அந்த இரவு

சனிக்கிழமை இரவு பதினொரு மணி உத்தமம். ராகு காலம் கிடையாது, எமகண்டம் கிடையாது, வெண்டரின் சப்போர்ட் எண்ணில் மனிதர்களும் கிடையாது. பங்கேற்க வேண்டியவர் இருவர் என்றால் கான்ஃபரன்ஸ் காலில் பதினேழு பேரைச் சேருங்கள்.

'தம்பி, ஸ்டேட்டஸ்?'

'சிங்க் ஓடிட்டு இருக்கு சார்.'

'எவ்வளவு பர்சென்ட்?'

'நாற்பத்திமூணு சார்.'

'அப்பவும் நாற்பத்திமூணுன்னுதானே சொன்னீங்க?'

'ஆமா சார். இடையில அதே கேள்விக்கு நாலு தடவை பதில் சொன்னேன் சார்.'

'ஒருதரம் ரீஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?'

இந்தக் கேள்வியைக் கேட்பவர் யார் என்று கடைசிவரை தெரியாது. மியூட்டில் இருந்து வெளியே வந்து இதைச் சொல்லிவிட்டு மறுபடி மியூட்டுக்குப் போய்விடுவார்.

டிஎன்எஸ் பதிவின் ஆயுளை முந்தின வாரமே ஐந்து நிமிடமாகக் குறைத்துவைப்பது பயந்தவர்கள் வேலை. 86,400 நொடியாகவே விட்டுவிடுங்கள். பாதி வாடிக்கையாளர்கள் ஒரு நாள் முழுக்கப் பழைய சர்வருக்கே விசுவாசமாக இருப்பார்கள். ஐ.பி. மாறாமல் பெட்டி மட்டும் மாறினால் ஃபயர்வாலின் நினைவில் பழைய கார்டின் முகவரி ஒட்டிக்கொண்டிருக்கும். உங்கள் மேசையிலிருந்து எல்லாம் வேலை செய்யும், வெளியிலிருந்து ஒன்றும் செய்யாது. கிளை அலுவலகத்தின் பழைய கம்ப்யூட்டர்கள் டிஎல்எஸ் 1.0-இல் கை நீட்டும். புதிய ஓஎஸ் கை கொடுக்காது. இதெல்லாம் திங்கள் காலை ஒன்பதரைக்கு.

திரும்பிப்போகும் திட்டத்தை ஒரே வரியில் எழுதுங்கள்: 'பிரச்சினை வந்தால் பழைய சர்வருக்குத் திரும்புவோம்.' எந்த நிமிடம் வரை திரும்பலாம் என்று எழுதக்கூடாது. புதிய டேட்டாபேஸில் முதல் வாடிக்கையாளரின் முதல் பணம் பதிவான கணமே, திரும்புவதென்றால் அந்தப் பணத்தைத் தொலைப்பது என்று ஆகிவிடுகிறது. 2018 அக்டோபர் 21-இல் கிட்ஹப்பில் பழுதான ஒளியிழைக் கருவியை மாற்றும்போது அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இணைப்பு போனது 43 நொடி. அந்த 43 நொடிக்குள் தானியங்கி ஏற்பாடு பொறுப்பை மேற்குக் கரைக்கு மாற்றிவிட்டது. கிழக்கில் எழுதப்பட்டு மேற்குக்குப் போகாத சில நொடிப் பதிவுகள் அங்கே, அதற்குப் பின் வந்த பதிவுகள் இங்கே. இரண்டையும் தொலைக்க மனமில்லாமல், வேகத்தைவிடத் தகவலே முக்கியம் என்று முடிவெடுத்தார்கள். முழுச் சேவை திரும்ப 24 மணி 11 நிமிடம் ஆனது. அந்த முடிவை நான் மதிக்கிறேன். நம் அலுவலகத்தில் அப்படி ஒரு முடிவை எடுக்க அதிகாரம் உள்ளவர் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார் என்பதால், முடிவு தானாகவே எடுக்கப்பட்டுவிடும்.

பிறகு

விடிந்ததும் பழைய சர்வர்களை உடனே கழற்றிவிடாதீர்கள். 'ஒரு வாரம் இருக்கட்டும்' என்று ஷட்டவுன் செய்து ரேக்கிலேயே விடுங்கள். கேபிளை உருவ வேண்டாம், அதன் ஐ.பி.யை எடுக்க வேண்டாம், பூட் ஆனதும் கிளஸ்டர் தானாகத் தொடங்கும் அமைப்பை மாற்ற வேண்டாம். பயாஸில் 'மின்சாரம் திரும்பினால் தானாக ஆன் ஆகு' என்று ஒரு தேர்வு இருக்கும்; அது ஏற்கெனவே போடப்பட்டிருக்கும்.

ஒரு வாரம் ஆறு மாதமாகும். ஒரு மழை நாளில் கரன்ட் போய் வரும். நான்கு சர்வரும் எழும். பழைய ஜோடி ஒன்றையொன்று நலம் விசாரித்து, இரண்டு ஓட்டும் இருப்பதைச் சரிபார்த்து, ஆறு மாதம் பழைய டேட்டாவோடு, முன்பு தன்னுடையதாக இருந்த அதே ஐ.பி.யில் பொறுப்பேற்கும். பிழையே இல்லாத ஃபெயில்ஓவர். அந்தக் கிளஸ்டர் தன் வாழ்நாளில் ஒழுங்காகச் செய்த முதல் வேலை அதுவாகத்தான் இருக்கும்.

காரண அறிக்கை கேட்பார்கள். 'இடைவிட்ட நெட்வொர்க் கோளாறு. கண்காணிக்கப்பட்டு வருகிறது' என்று எழுதி அனுப்புங்கள். நெட்வொர்க் குழுவின் அறிக்கை அதற்குள் போயிருக்கும். அதில் 'சர்வர் பக்கப் பிரச்சினை. கண்காணிக்கப்பட்டு வருகிறது' என்று இருக்கும். மேனேஜர் இரண்டையும் ஒரே கோப்பில் போட்டுக்கொள்வார்.